ஒன்பது வலைப்பைகளும் ஒரு முதல் தெரிவும்

பிப்ரவரி 23, ஞாயிறு
எஸ்டேட் வீடு

தனுஜாவுக்கு அப்பா எழுதுவது.

'அன்புள்ள' என்று போடவில்லையே என்று பார்க்காதே. போடுகிற நிலையில் நான் இல்லை. இந்தக் கடிதமே உன் அம்மாவின் உத்தரவு. போனை எடுத்தால் அப்பனும் மகளும் கத்துகிறோம், லைன் வீடுகள் முழுக்கக் கேட்கிறது என்று என் போனைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டாள். "எழுதித் தொலைங்க. எழுதுறப்ப கத்த முடியாதுலா" என்கிறாள். சிங்காரம் வாரத்துக்கு மூன்று தடவை முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு லோரியில் ஈப்போ வருகிறான். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ வேலை பழகுகிற பிஸ்கட் தொழிற்சாலை அவன் போகிற வழியில்தான் இருக்கிறதாம்.

விஷயத்துக்கு வருகிறேன். டிப்ளோமாவில் நீ வாங்கியது நாலுக்கு 3.82. எஞ்சினியரிங் டிகிரிக்கு அது தாராளம் என்று ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி அமிர்தலிங்கமே சொன்னார். எஸ்டேட் பிள்ளைகள் எல்லாருக்கும் பல்கலைக்கழக விண்ணப்பத்தை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறவர் அவர். எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருப்பார்! அப்படியிருக்க, தைப்பூச லீவில் வந்த நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தெரிவாக எஞ்சினியரிங் டெக்னாலஜி என்று போட்டாய். எஞ்சினியரிங்கை இரண்டாவதாகத் தள்ளினாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டெக்னாலஜி படித்தால் டெக்னிஷன். டெக்னிஷன் என்றால் ஃபிட்டர். ஃபிட்டர் என்றால் நான். இருபத்திரண்டு வருஷமாகத் தேயிலை ஃபேக்டரியில் கிரீஸில் முங்கி எழுந்தவன். நகத்தில் ஏறின கறுப்பு கல்யாணத்துக்குப் போனாலும் கூடவே வருகிறது. இதற்கா உன்னைப் படிக்க வைத்தேன்? என் மகள் எஞ்சினியர் ஆகப்போகிறாள் என்று மேல் லைனிலிருந்து கீழ் லைன் வரை சொல்லி வைத்திருக்கிறேன்.

விண்ணப்பம் மூட இன்னும் நாள் இருக்கிறது. யோசி.

கந்தன்

பிப்ரவரி 27
ஈப்போ

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் 'அன்புள்ள' போட்டுவிட்டேன். அந்த வகையில் நான்தான் முந்தி.

உங்களிடம் கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்டேன். தைப்பூசத்தன்று காலையில் கேட்டேன். நீங்கள் "பேசாம எஞ்சினியரிங் போடு" என்று சொல்லிவிட்டுக் காவடி பார்க்கப் போய்விட்டீர்கள். உங்கள் கணக்கில் அது பேச்சுவார்த்தை.

டெக்னாலஜி படித்தால் டெக்னிஷன் என்று உங்களுக்கு யார் சொன்னது? இரண்டுமே டிகிரிதான். எஞ்சினியரிங்கில் கணிதமும் கோட்பாடும் அதிகம். புதிதாக ஒன்றை வடிவமைக்கிறவர்களுக்கு அது தேவை. அந்த வழியில் போய்ப் பரீட்சையெல்லாம் முடித்தால், பதிவு பெற்ற எஞ்சினியர் என்று பெயருக்கு முன்னால் 'ஐஆர்' போட்டுக்கொள்ளலாம். டெக்னாலஜியில் பட்டறையும் ஆய்வுக்கூடமும் அதிகம், தொழிற்சாலையில் பழகுகிற காலமும் அதிகம். வடிவமைத்ததை ஓட வைக்கிற படிப்பு அது. அதற்குப் பதிவு செய்கிற வாரியம் வேறு, பெயருக்கு முன்னால் வருவதும் வேறு. பிறகு 'ஐஆர்' வேண்டும் என்று ஆசைப்பட்டால் லேசில் கிடைக்காது. அதையும் மறைக்கவில்லை. தெரிந்துதான் போட்டேன்.

ஏன் என்று கேளுங்கள். போன வாரம் இங்கே பிஸ்கட் அடுப்பில் ஒரு பக்கம் மட்டும் கருகியது. வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் சரி. மூன்று நாள் அந்த அடுப்போடேயே நின்று, எங்கே சூடு கூடுகிறது என்று அளந்து அளந்து கண்டுபிடித்தோம். அந்த மூன்று நாளும் எனக்குப் பசியே தெரியவில்லை. இதை நாலு வருஷம் படிக்கலாம் என்று ஒருவர் சொன்னால், நான் வேண்டாம் என்பேனா?

இன்னொன்று. "என் கையைப் பார்" என்று லீவில் சண்டை போட்டபோது நீட்டினீர்களே, அது எனக்கு வலித்தது. அந்தக் கையைப் பார்த்து நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. நீங்கள்தான் படுகிறீர்கள்.

தனுஜா

மார்ச் 3

தனுஜாவுக்கு,

உன் கடிதத்தை உன் அம்மா சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கடைசிப் பத்தி வந்ததும் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன். அவ்வளவுதான் அதைப் பற்றி.

நீ எழுதியதற்குப் பதில் எங்கள் ஃபேக்டரியிலேயே நடந்துகொண்டிருக்கிறது. கேள். இலை வாட்டுகிற தொட்டி உனக்குத் தெரியும். அறுபதடி நீளம், மேலே வலை, வலையில் இலை, ஒரு முனையில் இருந்து விசிறி அடியில் காற்றை ஊதும். மூன்றாம் தொட்டிக்குப் புது விசிறி போட்டார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்து கணக்குப் போட்டுக் கொடுத்தது. அன்றைக்கிலிருந்து இலை சரியாக வாடவில்லை. விசிறிப் பக்கத்து இலையைக் கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விட்டால் துள்ளி விரிகிறது, அது பச்சை. கடைசி முனையில் பிடித்தால் அப்பளமாக நொறுங்குகிறது. இலை உருட்டுகிற ரோலருக்குப் போனால் பாதி பாழ்.

நான் மேனேஜர் ஷாஹ்ரில் துரையிடம் சொன்னேன். காற்று முன்பக்கத்தைத் தாண்டிக் குதித்துக் கடைசியில் போய் முட்டுகிறது, அடியில் சாய்வாகப் பலகை போட்டால் சரியாகும் என்றேன். துரை நல்ல பையன், மரியாதையாகக் கேட்டார். பிறகு எஞ்சினியருக்குப் போன் போட்டார். அந்த ஆள், விசிறி தள்ளுகிற காற்று கணக்குப்படி சரி, இலையைத்தான் கனமாகப் பரப்புகிறார்கள் என்றான். துரை ஃபைலை மூடிவிட்டார். பரப்புகிறது யார்? தங்கம்மாவும் பவளமும். இருபது வருஷமாகப் பரப்புகிறவர்கள். இப்போது அவர்கள் மேல் பழி.

பார்த்தாயா? இருபத்திரண்டு வருஷம் ஒரு பக்கம், ஒரு போன் கால் ஒரு பக்கம். எஞ்சினியர் வாயைத் திறந்தால் துரை கேட்கிறார். அந்த வாய் உனக்கு வேண்டும் என்கிறேன். நான் வேறென்ன கேட்டேன்?

கந்தன்

மார்ச் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொல்வது சரி என்று எனக்குத் தோன்றுகிறது. படிப்பைப் பற்றி இல்லை, தொட்டியைப் பற்றி. விசிறி தள்ளுகிற மொத்தக் காற்று சரியாகவே இருக்கலாம். அந்த எஞ்சினியர் பொய் சொல்லவில்லை. அந்தக் காற்று அறுபதடியில் எப்படிப் பிரிகிறது என்பது வேறு கேள்வி. அதை யாரும் அளக்கவில்லை. நீங்களும் அளக்கவில்லை. கையால் பிடித்துப் பார்த்தீர்கள். உங்கள் கைக்குத் தெரிந்தது துரையின் கைக்குத் தெரியாது.

இப்படிச் செய்யுங்கள். வெங்காயம் வருகிற சின்ன வலைப்பை ஒன்பது வேண்டும். ஒவ்வொன்றிலும் சரியாக ஒரு கிலோ பச்சை இலை. விசிறியிலிருந்து கடைசிவரை சம இடைவெளி விட்டு, மற்ற இலையோடு இலையாக வையுங்கள். ஒன்று முதல் ஒன்பது வரை நம்பர் கட்டுங்கள். பரப்புகிறபோது நீங்களும் நின்று, இலை எல்லா இடத்திலும் ஒரே கனம்தானா என்று குச்சி வைத்துப் பாருங்கள். தங்கம்மா அத்தை மேல் பழி வந்திருக்கிறதே, அதற்காக. காலையில் இலையை எடுக்கும்போது ஒன்பது பையையும் மறுபடி நிறுங்கள். தண்ணீர் எங்கே எவ்வளவு போயிருக்கிறது என்று தராசு சொல்லிவிடும்.

மூன்று நாள் செய்யுங்கள். ஒரு நாள் செய்தால், அன்றைக்கு மழை என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள்.

செய்ய மாட்டேன் என்றால் அதையும் எழுதுங்கள். அம்மாவிடம் கொடுத்துச் செய்யச் சொல்கிறேன்.

தனுஜா

மார்ச் 10

தனுஜாவுக்கு,

உன் அம்மாவிடம் கொடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

வெங்காயப் பையைத் தூக்கிக்கொண்டு நான் ஃபேக்டரிக்குள் நுழைந்ததும் பவளம், "என்னண்ணே, தொட்டியில சாம்பார் வைக்கப் போறீங்களா?" என்றாள். மூன்று நாளும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் தங்கம்மாவே வந்து நம்பர் கட்டிக் கொடுத்தாள். இலைக் கனம் ஒன்பது இடத்திலும் ஒன்றேதான். குச்சியில் பார்த்ததும் அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஒரு கிலோ வைத்தது காலையில் இப்படி வந்தது, கிராமில், விசிறிப் பக்கத்திலிருந்து: 910, 880, 850, 790, 760, 730, 670, 640, 610. மற்ற இரண்டு நாளும் இதே மாதிரிதான். பின்னால் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

நான் எழுநூறு இருந்தால் நல்ல வாட்டு என்பேன். அந்த எழுநூறு ஆறாவது பைக்கும் ஏழாவது பைக்கும் நடுவில் மட்டும்தான் இருக்கிறது. கைக்குத் தெரிந்ததுதான். ஆனால் எழுதிப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. இவ்வளவு கோணலா?

பலகையை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று மட்டும் சொல். படிப்பைப் பற்றி என் பேச்சில் மாற்றம் இல்லை.

கந்தன்

மார்ச் 13

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று நாள் கணக்கையும் ஒரே தாளில் கோடாக வரைந்து அனுப்பியிருக்கிறேன். மூன்று கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது பாருங்கள். இப்படி விழுந்தால் அது இலையின் குற்றமும் இல்லை, மழையின் குற்றமும் இல்லை.

பலகை விஷயத்தில் என் லெக்சரரிடமும் கேட்டேன். வலைக்கு அடியில் காற்று போகிற இடம் விசிறி அருகே முழு ஆழமாகவும் கடைசியில் மூன்றில் ஒரு பங்கு ஆழமாகவும் இருக்கட்டும். அங்கிருந்து ஆரம்பித்து, பைகளை வைத்து நிறுத்து நிறுத்து மாற்றுங்கள். உங்கள் யோசனை சரி என்றார் அவர். "உன் அப்பா என்ன வேலை?" என்று கேட்டார். ஃபிட்டர் என்றேன். "நல்ல ஃபிட்டர்" என்றார்.

துரையிடம் போகும்போது பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். தாளை மேஜையில் வைத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். உங்களுக்கு அது கஷ்டம் என்று தெரியும்.

தனுஜா

மார்ச் 18, செவ்வாய்

அன்புள்ள மகள் தனுஜாவுக்கு,

முதலில் நல்ல சேதி. தாளை வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். துரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்து என்னோடு தொட்டிக்கு நடந்தே வந்தார். சனிக்கிழமை பலகை போட்டோம். ஞாயிறு காலை ஒன்பது பையும் 690-க்கும் 730-க்கும் நடுவில். ஒன்பதும்! பவளம் தராசைப் பார்த்துக் கை தட்டினாள். நேற்று எஞ்சினியரே காரில் வந்து இறங்கினார். நல்ல மனுஷர், தவறாகச் சொல்லிவிட்டேன். "மொத்தத்தைப் பார்த்தேன், தொட்டிக்குள் பார்க்கவில்லை" என்று எல்லார் முன்னாலும் சொல்லி, தங்கம்மாவிடம் மன்னிப்பும் கேட்டார். பலகைச் சாய்வைத் தன் நோட்டில் வரைந்துகொண்டார்.

அவரும் வேண்டும், நானும் வேண்டும் பாப்பா. ஆனால் நடுவில் ஒருவர் இல்லாமல் இரண்டு பேரும் இரண்டு மாதமாக ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தோம். அந்த நடுவில் இருக்கிற வேலையைத்தான் நீ படிக்க ஆசைப்படுகிறாய். எனக்கு இப்போதுதான் புரிகிறது. மண்டை கொஞ்சம் தடிப்பு.

இனி கெட்ட சேதி. எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். தைப்பூச லீவு முடிந்து நீ ஈப்போ போன மறுநாளே நான் கிராணியிடம் போனேன். உன் விண்ணப்பத்தைத் திறக்கிற ரகசிய நம்பர் ஆபீஸ் நோட்டில் இருந்தது. "மகள் மனசு மாறிட்டா" என்று பொய் சொல்லி, எஞ்சினியரிங்கை முதலாவதாக மாற்றச் சொன்னேன். நான் சொன்னால் அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்? மாற்றிவிட்டார். உனக்கு முதல் கடிதம் எழுதும்போதே அது மாறித்தான் இருந்தது. 'யோசி' என்று உனக்கு எழுதினேன், வெட்கமில்லாமல்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடுகிறார்கள். சத்தம் போடாமல் திருப்பி மாற்றிவிட்டு உனக்குத் தெரியாமலே இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படிச் செய்தால் இரண்டு தடவை ஏமாற்றினவன் ஆவேன்.

அப்பா

மார்ச் 19

அப்பாவுக்கு,

சிங்காரம் மாமா லோரியை நிறுத்திப் பதிலுக்குக் காத்திருக்கிறார். அதனால் சுருக்கமாக.

போனில் உள்ளே போய்ப் பார்த்தேன். நீங்கள் எழுதியது உண்மை. என் பெயருக்குக் கீழே, நான் போடாத வரிசை. எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுத இந்தத் தாள் போதாது. என்னை எதிர்த்துக் கத்தியதோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். கத்தவும் செய்தீர்கள், முதுகுக்குப் பின்னால் போகவும் செய்தீர்கள்.

இதை நானே இந்த நிமிஷம் மாற்றிவிட முடியும். மாற்றப் போவதில்லை. நீங்கள் கலைத்ததை நீங்கள்தான் அடுக்க வேண்டும். கிராணி கையால் வேண்டாம், உங்கள் கையால். வெள்ளிக்கிழமை நாலே முக்கால் வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு மேல் நானே மாற்றிக்கொள்வேன். படிப்பு எனக்குக் கிடைத்துவிடும். உங்களுக்கு நான் கிடைப்பேனா என்பது அந்த நாலே முக்காலில் இருக்கிறது.

தொட்டிக்கு வாழ்த்து.

தனுஜா

மார்ச் 21, வெள்ளி

பாப்பா,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வியாழன் முழுக்க மழை, எஸ்டேட்டில் கரண்ட் இல்லை. இன்று காலை ஆபீஸுக்குப் போனால் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. கிராணி தன் போனில் செய்து தருகிறேன் என்றார். "இல்ல கிராணி, என் கையாலதான் செய்யணும்" என்று நம்பரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டேன். போனின் சின்னத் திரையில் என் கண்ணுக்கு எழுத்து பிடிபடாது. அவரிடமும் உண்மையைச் சொன்னேன். "நான்லா அந்தப் பிள்ளையக் கேட்டிருக்கணும்" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இனிமேல் பிள்ளைகள் நேரில் வராமல் எதையும் தொடமாட்டாராம்.

துரையிடம் அரைநாள் லீவு கேட்டு, கம்ப்யூட்டர் தேடி மோட்டார் சைக்கிளில் தானா ராத்தா டவுனுக்குப் போனேன். பாதி வழியில் மண் சரிந்து ஒற்றை வழிதான் விட்டார்கள். ஒரு மணி நேரம் காய்கறி லோரிகளுக்குப் பின்னால் நின்றேன். மைதீனின் சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்றே முக்கால். நோன்பு மாதம், கடை பாதிதான் திறந்திருந்தது. உன்னோடு படித்த ஹஃபீசா பெரிய சட்டியில் நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "நீங்க இதக் கிண்டுங்க மாமா, நான் ரெண்டு நிமிஷத்துல மாத்திடுறேன்" என்றாள்.

"இல்லம்மா, நானே. நீ பக்கத்துல நில்லு, தப்பா அமுக்குனா கையில தட்டு" என்றேன்.

அவள் கரண்டியை மைதீனிடம் கொடுத்துவிட்டு வந்து கடைக் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தாள். எனக்கு எழுத்தைத் தேடித் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. நம்பரை இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். மூன்றாவது தப்பானால் பூட்டிவிடும் என்றாள் ஹஃபீசா. அறுபது குதிரைச் சக்தி மோட்டாரைக் கழற்றி மாட்டுகிறவன் நான், அந்தச் சின்ன எழுத்துப் பலகைக்குப் பயந்தேன். மைதீன் கரண்டியோடு வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "மெதுவா கந்தா, மெதுவா, கஞ்சி கருகுனா கருகட்டும்" என்றார். நம்பர் ஏற்றுக்கொண்டது. உன் படிப்பின் பெயரைத் தேடி எடுத்து மேலே ஏற்றினேன். ஏற்றியதும் முழுப் பெயரையும் வாய்விட்டுப் படித்தேன். கடைசிப் பொத்தானை அமுக்கும்போது சுவர்க் கடிகாரம் நாலு இருபத்தாறு.

கஞ்சி கருகவில்லை. ஒரு தூக்கு நிறையக் கொடுத்தனுப்பினார்கள்.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ மன்னித்தே ஆக வேண்டியிருக்கும். அதனால் எழுதவில்லை. நான் செய்தது தப்பு. அதை மட்டும் எழுதுகிறேன்.

அப்பா

மார்ச் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

நாலு மணிக்கு வேலையை விட்டு வாசலில் வந்து நின்றேன். நாலு பத்து, ஒன்றுமில்லை. நாலு இருபது, ஒன்றுமில்லை. சூபர்வைசர் என்னைப் பார்த்துவிட்டு உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். நாலு இருபத்தாறுக்கு வரிசை மாறியது. மாறினதும் வாசலிலேயே "என் அப்பாலா!" என்று கத்திவிட்டேன். பிஸ்கட் வாங்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தினேன் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

கோபம் போய்விட்டதா என்று கேட்டால், கொஞ்சம் இருக்கிறது. பள்ளிக்கூட நாளிலிருந்து நீங்கள் சொன்னதையெல்லாம் கேட்டவள் நான். இது ஒன்றில்தான் எனக்கே தெரிந்தது. அதை நீங்கள் நம்ப ஒன்பது பை வேண்டியிருந்ததே என்பதுதான் அந்தக் கொஞ்சம். அது தானாகப் போகும்.

பெயரை வாய்விட்டுப் படித்தீர்களாமே. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன்.

உங்கள் மகள்,
தனுஜா

ஆகஸ்ட் 30

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் அழுதுகொண்டே சொன்னாய், நானும் அழுதுகொண்டே கேட்டேன். உன் அம்மா இரண்டு பேர் கையிலிருந்தும் போனைப் பிடுங்க முடியாமல் தவித்தாள். ஆனால் இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் வேண்டும். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும்.

மலாக்கா பல்கலைக்கழகத்தில் உனக்கு இடம் கிடைத்த சேதி விடிவதற்குள் எஸ்டேட் முழுக்கப் பரவிவிட்டது. காலையில் துரை என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். எல்லாத் தொட்டிகளையும் மாற்றப்போகிறார்களாம், அதற்குக் கூட்டம். கோலாலம்பூர் எஞ்சினியரும் இருந்தார். ஃபிட்டர்கள் அந்த அறைக்குள் போனால் நின்றுதான் பேசுவோம். துரை நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். என்னிடம் கேள்வி கேட்டார்கள், நான் எண்களில் பதில் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள்.

முடிந்து எழுந்திருக்கும்போது எஞ்சினியர் கை கொடுத்து, "உங்கள் மகள் எஞ்சினியரிங் போகிறாளாமே, வாழ்த்துகள்" என்றார். அறையில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம். நான் லைன் முழுக்கச் சொல்லி வைத்திருந்த வார்த்தைதானே அது. சும்மாவே கிடைத்தது.

"இல்லை சார்" என்றேன். "எஞ்சினியரிங்கும் கிடைத்திருக்கும், மார்க் இருந்தது. அவள் எஞ்சினியரிங் டெக்னாலஜியை முதலாவதாகப் போட்டு வாங்கினாள். அவளாகத் தேர்ந்தெடுத்தது."

சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றேன் பாப்பா. என் குரல் வெளியே இலை நிறுக்கிற இடம் வரை கேட்டதாம். பவளம் வந்து சொன்னாள்.

அப்பா